தசையின் எரிபொருளைக் கண்டவர்

மலர்க் குழு நண்பர்கள் போன் செய்து, சார், நீங்களும் ஒரு கட்டுரை கொடுக்கணும் என்றபோது முதலில் தயங்கினேன். விடுதி மெஸ் சாம்பார், கெடிலத்தில் வெள்ளம் வந்த வருஷம், தேவனாம்பட்டினம் கடற்கரையில் கழித்த மாலைகள் பற்றியெல்லாம் எழுத நம்மில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். எனக்கு வேறொரு கடன் பாக்கி இருக்கிறது. அதை இந்த மலரில் தீர்த்துவிடலாம் என்று தோன்றியது. கடன் பட்டது ஒரு மனிதரிடம். அவர் நம் கல்லூரிக்காரர் அல்ல, நம் மாவட்டத்துக்காரரும் அல்ல. நான் பிறப்பதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். ஆனாலும் அவர் பெயர் எழுதிய காகிதம் ஒட்டிய பாட்டிலைத் தொடாமல் நம்மில் அறிவியல் படித்த யாரும் வெளியே வந்திருக்க முடியாது.

இங்கே பி.எஸ்.சி. விலங்கியல் முடித்துவிட்டு, 1978-ல் எம்.எஸ்.சி. படிக்கச் சிதம்பரம் போனேன். தினமும் கடலூர் முதுநகரில் பாசஞ்சர் வண்டி. ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை என்று நின்று நின்று போகும். ரெக்கார்டு நோட்டில் படம் வரைவது, முந்தின நாள் தூக்கத்தைத் தொடர்வது எல்லாம் அந்த வண்டியில்தான். வாரம் ஒரு நாள் மதியம் உயிர்வேதியியல் செய்முறை. அதில் ஒரு பயிற்சியின் பெயர் ஃபிஸ்க் – சுப்பாராவ் முறை. நாங்கள் அதைப் பிஸ்கே சுப்பாரோ என்போம். ஏதோ இத்தாலிக்காரப் பெயர் என்றே வெகுகாலம் நினைத்திருந்தேன்.

செய்முறை இதுதான். தவளையின் தொடைத் தசையை ஐஸில் வைத்து அரைத்து, டி.சி.ஏ. அமிலம் ஊற்றி வடிகட்ட வேண்டும். வடிநீரில் மாலிப்டேட் கரைசல் விட்டு, ஒடுக்கும் வேதிப்பொருள் ஒன்றைச் சேர்த்தால் நீல நிறம் வரும். நீலம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு பாஸ்பரஸ். கலரிமீட்டரில் சிவப்பு ஃபில்டர் போட்டு அளக்கணும். எனக்கு ஒரு வம்பு வந்தது. ஒப்பீட்டுக் குழாயில் நிறம் வரவேண்டிய நேரத்தில் வந்து நின்றுவிட்டது. தசைக் குழாயில் மட்டும் நிற்கவில்லை. ஐந்து நிமிஷத்தில் ஒரு ரீடிங், பத்து நிமிஷத்தில் வேறொரு ரீடிங், இருபதில் இன்னொன்று. நீலம் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போகிறது. கை சுத்தமில்லை, குழாய் கழுவியது சரியில்லை என்று என்னையே திட்டிக்கொண்டேன். சாயங்கால வண்டிக்கு நேரமாகிவிட்டது. பக்கத்து மேசை நண்பனின் எண்ணை வாங்கி, கடைசி இலக்கத்தைச் சற்று மாற்றி எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டு ஓடிவிட்டேன். மதிப்பெண்ணும் நன்றாகவே வந்தது.

அது நடந்து பதினேழு வருஷம் கழித்து, 1995-ல், தபால் நிலையத்தில் மணியார்டருக்காக நின்றபோது ஒரு புதிய தபால்தலையைப் பார்த்தேன். எல்லாப்ரகட சுப்பாராவ், நூற்றாண்டு நினைவு. அடேயப்பா, நம்ம சுப்பாரோ! அன்றுதான் அவர் ஒரு தெலுங்கர், சென்னையில் படித்தவர் என்பதே எனக்குத் தெரிந்தது. பிறகு அவரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்தேன்.

1895 ஜனவரி 12 அன்று பீமவரத்தில் பிறந்தார். அன்றைக்கு அது சென்னை மாகாணம். தகப்பனார் வருவாய்த்துறையில் இருந்து, உடல்நலம் கெட்டதால் முன்கூட்டியே ஓய்வு பெற்றவர். வீட்டில் வறுமை. பையனுக்குப் படிப்பில் நாட்டம் இல்லை. பதின்மூன்று வயதில், காசிக்குப் போய் யாத்ரீகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணக்காரனாகிவிடலாம் என்று வீட்டை விட்டுக் கிளம்பிவிட்டார். தாயார் விடவில்லை, திரும்ப அழைத்து வந்து பள்ளியில் உட்கார வைத்தார். மெட்ரிகுலேஷனில் இரண்டு முறை தோல்வி. மூன்றாவது முறைதான், சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து தேறினார். அரியர்ஸ் வைத்திருக்கும் தம்பி தங்கைகள் இந்த வரியைக் கொஞ்சம் அடிக்கோடு போட்டுக்கொள்ளலாம்.

மாநிலக் கல்லூரியில் இன்டர்மீடியட் முடித்ததும் ராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்து துறவியாகப் பார்த்தார். தாயார் சம்மதிக்கவில்லை. சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். செலவுக்குக் கை கொடுத்தவர்களில் பின்னால் மாமனாரானவரும் ஒருவர். 1919-ல் அவருடைய மகள் சேஷகிரியை மணந்தார். அது காந்தியடிகள் அந்நியத் துணியைப் புறக்கணிக்கச் சொன்ன காலம். சுப்பாராவ் அறுவை சிகிச்சை வகுப்புக்குக் கதர் அங்கி போட்டுக்கொண்டு போனார். வெள்ளைக்காரப் பேராசிரியருக்குப் பொறுக்கவில்லை. முழு எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்காமல், ஒரு படி கீழான எல்.எம்.எஸ். தான் கைக்கு வந்தது. அரசு மருத்துவப் பணியின் கதவும் திறக்கவில்லை. டாக்டர் லட்சுமிபதி நடத்திய ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு சொல்லிக் கொடுத்தார்.

அதற்குள் வீட்டில் பெரிய இடி விழுந்திருந்தது. உடன்பிறந்தவர்களில் இருவர் சில நாள் இடைவெளியில் ஸ்ப்ரூ என்ற நோயால் இறந்தார்கள். குடல் உணவை உறிஞ்சாமல், பேதியும் சோகையுமாக ஆளை உருக்கிவிடும் வெப்பமண்டல நோய் அது. அவருக்கும் அதே நோய் வந்தது. லட்சுமிபதியின் ஆயுர்வேத மருந்தில்தான் பிழைத்தார். இந்த ஸ்ப்ரூவை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் திரும்ப வரும்.

1920-களின் தொடக்கத்தில் பாஸ்டன் போனார். ஹார்வர்டில் வெப்பமண்டல மருத்துவம் படிக்க இடம் கிடைத்தது, உதவித்தொகை கிடைக்கவில்லை. கையிலிருந்த எல்.எம்.எஸ்.ஸை அங்கே யாரும் மதிக்கவில்லை. இராத்திரி வேளையில் ஒரு மருத்துவமனையில் நோயாளிகளின் பெட்பேன் சுத்தம் செய்து வயிறு கழுவினார். மூன்று வருஷத்தில் வந்துவிடுகிறேன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டுப் போனவர் அவர். அவர் போன பிறகு பிறந்த ஆண் குழந்தை ஒரு வயதுகூட நிறையாமல் இறந்துபோனது. தகப்பன் அந்த முகத்தைப் பார்க்கவே இல்லை. அவர் திரும்பி வரவும் இல்லை. அவரைப் புகழ்ந்து எழுதுகிற யாரும் இந்த இடத்தில் கொஞ்சம் நின்றுதான் தாண்ட வேண்டும். ஆராய்ச்சிக்கு அவர் கொடுத்த விலையில் பாதியைச் சேஷகிரி அம்மாள் கட்டினார்.

ஹார்வர்டு மருத்துவப் பள்ளியின் உயிர்வேதியியல் துறையில் சைரஸ் ஃபிஸ்க் என்பவரிடம் சேர்ந்தார். இருவரும் சேர்ந்து 1925-ல் வெளியிட்டதுதான் நாம் செய்த அந்த நீல நிறச் செய்முறை. உலகிலேயே அதிகம் எடுத்தாளப்பட்ட அறிவியல் கட்டுரைகளில் அது ஒன்று. துளி ரத்தத்தில், சிட்டிகைத் தசையில் எவ்வளவு பாஸ்பரஸ் என்று சொல்ல அதுவரை இப்படி எளிதான வழி இல்லை.

இனிதான் விஷயமே. தங்கள் முறையைத் தசையில் பிரயோகித்தபோது அவர்களுக்கும் எனக்கு வந்த அதே வம்பு வந்தது. தசைச் சாற்றில் நீலம் உடனே முழுசாக வரவில்லை, தாமதித்து ஏறிக்கொண்டே போனது. நான் ரீடிங்கைச் சரிக்கட்டினேன். அவர்கள் ஏன் என்று கேட்டார்கள். தசைக்குள் இருக்கும் பாஸ்பேட் தனியாக இல்லாமல் வேறொன்றோடு ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும், அமிலத்தில் அந்த ஒட்டு மெல்லப் பிரிவதால்தான் நீலம் தாமதிக்கிறது என்று பிடித்தார்கள். ஒட்டியிருந்தது கிரியேட்டின். 1927-ல் கிரியேட்டின் பாஸ்பேட்டை உலகுக்கு அறிவித்தார்கள். அதே வருஷம் இங்கிலாந்தில் எக்கிள்டன் தம்பதியரும் தனியாக அதே பொருளை எட்டினார்கள். 1929-ல் ஃபிஸ்க்கும் சுப்பாராவும் தசையிலிருந்து இன்னொன்றைப் பிரித்தார்கள். மூன்று பாஸ்பேட் கோத்த ஏ.டி.பி. ஜெர்மனியில் கார்ல் லோமன் அதே ஆண்டில் அதையே கண்டார். பல புத்தகங்கள் லோமன் பெயரை மட்டும் போட்டுவிட்டு நகர்ந்துவிடும். 1929 என்றால் நமக்கு இன்னொரு நினைவும் வரும். சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தொடங்கியதும் அதே ஆண்டுதான். அந்த வளாகத்தில் உட்கார்ந்து அவருடைய நீலத்தைக் கோட்டை விட்டவன் நான்!

இது ஏன் பெரிய விஷயம் என்று இளைய மாணவர்கள் கேட்கலாம். அதுவரை, தசை சுருங்குவதற்கு லாக்டிக் அமிலம் உண்டாவதே காரணம் என்பது உலகம் ஒப்புக்கொண்ட கருத்து. தசை ஆராய்ச்சிக்காக ஹில், மேயர்ஹாஃப் இருவருக்கும் 1922-க்கான நோபல் பரிசே கிடைத்திருந்தது. 1930-ல் கோபன்ஹேகனில் லுண்ட்ஸ்கார்ட், லாக்டிக் அமிலம் உண்டாகாதபடி தசைக்கு விஷம் கொடுத்துப் பார்த்தார். அப்போதும் தசை சுருங்கியது. செலவானது கிரியேட்டின் பாஸ்பேட். பழைய கொள்கை சரிந்தது. நம் வீட்டுக் கணக்கில் சொன்னால், ஏ.டி.பி. சட்டைப்பையில் இருக்கும் சில்லறை. நொடிகளில் தீர்ந்துவிடும். கிரியேட்டின் பாஸ்பேட் அம்மா அஞ்சறைப் பெட்டியில் போட்டு வைத்த பணம், சில்லறை தீர்ந்ததும் உடனே கை கொடுக்கும். சர்க்கரையும் கொழுப்பும் வங்கியில் போட்ட பணம், எடுத்து வர நேரமாகும்.

அந்தச் சில்லறை எங்கே செலவாகிறது? 1939-ல் ரஷ்யாவில் எங்கெல்ஹார்ட், லியுபிமோவா தம்பதியர் மயோசின் என்ற தசைப் புரதமே ஏ.டி.பி.யை உடைக்கிறது என்று காட்டினார்கள். 1940-களின் தொடக்கத்தில் ஹங்கேரியில் சென்ட்-கியார்கியின் குழு, மயோசினும் ஆக்டினும் சேர்ந்த இழையைக் கண்ணாடித் தட்டில் போட்டு ஏ.டி.பி. விட்டது. உயிரே இல்லாத இழை சுருங்கியது! 1954-ல் ஹக்ஸ்லி என்ற ஒரே பெயர் கொண்ட, உறவில்லாத இருவர் தனித்தனிக் குழுக்களோடு, இழைகள் குட்டையாவதில்லை, ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிப் போகின்றன என்று நிறுவினார்கள்.

நம் கடற்கரையில் கரைவலை இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது ஒரு நிமிஷத்தில் புரிந்துவிடும். கயிறு குட்டையாவதில்லை. கை பிடிக்கிறது, இழுக்கிறது, விடுகிறது, முன்னால் போய் மறுபடி பிடிக்கிறது. வலை கரைக்கு வருகிறது. மயோசினின் தலைதான் அந்தக் கை, ஆக்டின்தான் கயிறு. இதில் ஒரு வேடிக்கை. கையை விடுவிக்கத்தான் புது ஏ.டி.பி. வேண்டும். அது தீர்ந்தால் பிடித்த பிடி விடாது. செத்த உடல் விறைப்பது அதனால்தான்.

இழு என்று உத்தரவு கொடுப்பது கால்சியம். இதயத் தசையில் ஆக்டின் கயிற்றின்மேல் ட்ரோப்போனின் என்ற காவல்காரன் இருக்கிறான். 1960-களில் ஜப்பானின் எபாஷி குழு கண்டது அது. கால்சியம் வந்து அவன்மேல் உட்கார்ந்ததும் வழி திறக்கும், கைகள் கயிற்றைப் பிடிக்கும். இரத்தக் குழாய், குடல், கருப்பை இவற்றின் மென்தசையில் அந்தக் காவல்காரன் இல்லை. அங்கே கால்சியம் ஒரு நொதியைத் தட்டி எழுப்ப, அது ஏ.டி.பி.யிலிருந்து ஒரு பாஸ்பேட்டை எடுத்து மயோசின்மேலேயே ஒட்டுகிறது. ஒட்டினால் இழுக்கும். அந்தப் பாஸ்பேட்டை எடுத்துவிட்டால் தளரும். நம் வயதில் பலர் காலையில் போட்டுக்கொள்ளும் அம்லோடிபின் மாத்திரை, இரத்தக் குழாய்த் தசைக்குள் கால்சியம் நுழைவதைத் தடுத்துத்தான் பிரஷரைக் குறைக்கிறது. எங்கே சுற்றினாலும் கடைசியில் ஒரு பாஸ்பேட்டில் வந்து நிற்கிறோம் பாருங்கள். அதை எண்ணக் கற்றுக் கொடுத்தவர்களில் ஒருவர் சுப்பாராவ்.

கைப்பிடி அளவு, முந்நூறு கிராம் போல இருக்கும் இதயம் ஒரு நாளில் ஒரு லட்சம் தடவை துடிக்க, சுமார் 6 கிலோ ஏ.டி.பி.யைப் புரட்டுகிறது. 1980-களில் என் தகப்பனாருக்கு ஒரு விடியற்காலை நெஞ்சுவலி வந்தது. இரத்தத்தில் சி.பி.கே. கூடியிருக்கிறது, மாரடைப்புதான் என்றார் டாக்டர். சி.பி.கே. என்பது கிரியேட்டின் பாஸ்பேட்டையும் ஏ.டி.பி.யையும் மாற்றிக் கொடுக்கும் நொதி. இதயத் தசை சிதைந்தால் இரத்தத்தில் கசியும். இப்போது அதற்குப் பதில் ட்ரோப்போனினை அளக்கிறார்கள். வராந்தா பெஞ்சில் அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, என்றைக்கோ ஓடிப்போய் வண்டி பிடித்த அந்த மதியம் ஞாபகம் வந்தது. அப்பா பிழைத்துக்கொண்டார், பேரன் பேத்தி பார்த்தார்.

சுப்பாராவுக்கு வருவோம். 1930-ல் ஹார்வர்டு அவருக்கு முனைவர் பட்டம் தந்தது, நிரந்தர இடம் தரவில்லை. 1940-ல் நியூயார்க் மாநிலத்துப் பேர்ல் ரிவரில் இருந்த லெடர்லி ஆய்வுக்கூடத்துக்குப் போனார். அங்கே ஆராய்ச்சித் தலைவராக அவர் வழிநடத்திய எட்டே வருஷத்தில் வந்தவற்றைப் பாருங்கள். 1945-ல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தார்கள். அதன் அமைப்பைச் சற்றே மாற்றிச் செய்த அமினோப்டெரினைக் கொண்டு பாஸ்டனில் சிட்னி ஃபார்பர், இரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு முதல்முறையாகத் தற்காலிகக் குணம் கண்டார். அதன் தம்பி மெத்தோட்ரெக்சேட் இன்றும் புற்றுநோய்க்கும் மூட்டுவாதத்துக்கும் கொடுக்கப்படுகிறது. டெட்ராசைக்ளின் வகையின் முதல் மருந்தான ஆரியோமைசினும் அங்கேதான் டக்கர் என்பவரால் கண்டுபிடிக்கப்பட்டது. ஸ்ப்ரூவை ஞாபகம் வைக்கச் சொன்னேன் அல்லவா? ஃபோலிக் அமிலமும் டெட்ராசைக்ளினும்தான் அதற்கான சிகிச்சை. சகோதரர்களைக் கொண்டுபோன நோய்க்கு மருந்து, இருபத்தைந்து வருஷம் தாமதமாக, அவருடைய ஆய்வுக்கூடத்திலிருந்தே வந்தது.

நம் ஊருக்கும் அவரிடமிருந்து ஒன்று வந்து சேர்ந்தது. யானைக்கால் நோய் கடலூர், சிதம்பரம் பக்கம் எவ்வளவு சகஜமாக இருந்தது என்று மூத்தவர்களுக்குத் தெரியும். கிருமி இரவில்தான் இரத்தத்தில் உலவும் என்பதால், தூங்குகிறவர்களை எழுப்பி விரலில் குத்தி இரத்தம் எடுத்துப் போவார்கள். நாங்கள் பாய்க்கடியில் ஒளிந்துகொள்வோம். அதற்குக் கொடுத்த டி.இ.சி. மாத்திரை 1947-ல் ஹெட்ரசான் என்ற பெயரில் லெடர்லியிலிருந்து வந்தது. 1990-களின் இரண்டாம் பாதியிலிருந்து வருஷத்துக்கு ஒரு நாள் நம் மாவட்டத்தில் வீடு வீடாகக் கொடுத்தார்களே, அதே மாத்திரைதான்.

1948 ஆகஸ்டில் ஓர் இரவு தூங்கப் போனவர் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு. வயது 53. தசைக்குப் பலம் எதிலிருந்து வருகிறது என்று கண்டவரின் இதயத் தசைதான் முதலில் நின்றது. அமெரிக்கக் குடியுரிமை வாங்காமலே இறந்தார். நோபல் பரிசு வரவில்லை. சக ஆராய்ச்சியாளர்களின் பெயரை முன்னால் விட்டு, தான் பின்னால் நின்றுகொள்வது அவர் வழக்கம். அதனால் பெயரும் அதிகம் பரவவில்லை. பூஞ்சைக் காளான் ஒன்றுக்கு அவர் நினைவாகச் சுப்பாரோமைசிஸ் என்று பெயர் வைத்தார்கள். தபால்தலை வர 1995 ஆகிவிட்டது.

நான் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். பணியில் இருந்த கடைசி நாள் வரை, செய்முறை வகுப்பில் மாணவர்களிடம் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன். கண்ணில் பட்டதை எழுது, பக்கத்து மேசையில் வந்ததை எழுதாதே. வராத ரீடிங்குக்கு நான் மார்க் குறைக்க மாட்டேன். எங்கிருந்து இந்தப் பிடிவாதம் என்று அவர்களுக்கு நான் சொன்னதில்லை. இன்றைக்குச் சொல்லிவிட்டேன்.

நம் கல்லூரியின் சோதனைக்கூடத்தில் இன்று நிற்கும் தம்பி தங்கைகளே, உங்கள் குழாயில் நிறம் நிற்காமல் ஏறினால் பஸ்ஸை விட்டுவிடுங்கள். அடுத்த பஸ் வரும். உட்கார்ந்து இன்னொரு பத்து நிமிஷம் பாருங்கள், ஆசிரியரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். என் பழைய ரெக்கார்டு நோட்டு இன்னும் பரணில் இருக்கிறது. அந்தப் பக்கத்தில் பச்சை மையில் போட்ட சரி அடையாளம் மங்காமல் இருக்கிறது. அந்த எண் மட்டும் என்னுடையது அல்ல.